டிசம்பர் 26-இல் பெயர் எழுதுங்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் ரத்தம் கொடுங்கள்

சுனாமி நினைவு நாளில் ரத்த தான முகாம் நடத்தலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் நடத்திய முதல் முகாமுக்கு 41,900 ரூபாய் செலவானது. ஒன்றரை மாதம் அலைச்சல். 94 பேர் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள், ரத்தம் கொடுக்க முடிந்தது 41 பேரால்தான். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அன்று சாயங்காலம் நனைந்த பந்தல் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது மனசு விட்டுப்போயிற்று. இறந்தவர்களுக்காக என்று ஆரம்பித்த காரியம் அவர்கள் வீட்டாருக்கே தொந்தரவாக முடிந்ததே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. செய்த தப்புகள் எல்லாமே முன்கூட்டித் தெரிந்துகொள்ளக்கூடியவை, சொல்லத்தான் ஆள் இல்லை.

முதல் தப்பு நேரம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அலை இந்தக் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் ஒரே வீட்டில் நாலைந்து பேரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. காலையில் ஊர்வலமாகக் கரைக்குப் போய்ப் பால் ஊற்றி, பூப் போட்டு, நினைவுத்தூணில் மெழுகுவத்தி ஏற்றி அழுதுவிட்டு வருவார்கள். எட்டரையிலிருந்து பத்தரை வரையான நேரம் முழுக்க அவர்களுடையது. நாங்கள் ஒன்பது மணிக்கு முகாம் ஆரம்பம் என்று நோட்டீஸ் அடித்தோம். கரையில் ஒப்பாரி கேட்கிறது, இந்தப் பக்கம் மைக்கில் 'ரத்த தானம் செய்ய வாரீர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி வந்து, "தம்பி, அதைக் கொஞ்சம் நிப்பாட்டுறியளா, அழக்கூட முடியல" என்றார்கள். உடனே நிறுத்திவிட்டோம். ஆனால் அவர்கள் வந்து கேட்கும்படி வைத்திருக்கவே கூடாது. அந்த நாளில் எந்தச் சேவை செய்தாலும் பதினொரு மணிக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டாம். ஒலிபெருக்கியே வேண்டாம். முந்தின நாள் ஊர்ப் பஞ்சாயத்தார் வழியாக ஒரு தடவை ஊருக்கு அறிவித்தால் போதும். அவர்களிடம் கேட்காமல் தேதியை முடிவு செய்துவிட்டு, பிறகு போய் 'ஒத்துழைப்பு கொடுங்கள்' என்று நிற்பதும் சரியில்லை.

இரண்டாவது, பட்டினி. இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கரைக்குப் போய்த் திரும்பும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அழுது களைத்து, வெறும் வயிற்றோடு, நேராக முகாமுக்கு வந்து கையை நீட்டுகிறார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று 'ஆச்சு' என்பார்கள். ரத்தம் கொடுப்பவர் கடைசி நாலு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் மயக்கம் கணிசமாகக் குறையும். அதனால் பெயர் எழுதும் மேஜைக்கு முன்னாடியே இட்லிக்கு ஓர் இடம் போட்டுவிடுங்கள். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, இருபது நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் பெயரே எழுத வேண்டும். 'சாப்பிட்டீர்களா' என்று கேட்காதீர்கள், 'என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள்.

மயக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் முகாமில் விழுந்த மூவரில் ஒருவர்தான் கட்டிலில் விழுந்தார். மற்ற இருவரில் ஒருவர் கை கழுவப் போன இடத்தில், இன்னொருவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது. ஆபத்து ஊசி குத்தும்போது இருப்பதைவிட எழுந்து போன பிறகு அதிகம். ரத்தம் எடுக்க ஆறிலிருந்து எட்டு நிமிஷம்தான் ஆகும், அதற்குப் பிறகு பதினைந்து நிமிஷமாவது நம் கண் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜூஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், உட்கார வைத்துக் கொடுங்கள். அந்த இடத்தில் வேறு வேலை எதுவும் இல்லாமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளைப் போடுங்கள். முகம் வெளுத்தாலோ, நெற்றி வியர்த்தாலோ, கொட்டாவி விட்டாலோ உடனே தரையில் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். தண்ணீரை முகத்தில் அடிப்பதும், தூக்கி நிறுத்துவதும், மயங்கியவர் வாயில் சோடா ஊற்றுவதும் கூடாது. கழிவறைக்குப் போகிறவர் கூட ஒருவர் போக வேண்டும், கதவைத் தாழ் போட விடக் கூடாது. பைக் சாவியை முதலிலேயே வாங்கி வைத்து, அரை மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது, அதற்கு முந்தின நாள் கிறிஸ்துமஸ். வேளாங்கண்ணியைச் சுற்றி மட்டுமல்ல, கரை முழுக்க அன்று வீடுகளில் பிரியாணியும் விருந்தும் இருக்கும், ராத்திரி குடித்தவர்களும் இருப்பார்கள். மது வாடையோடு வருபவரை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்துப்போகும், அதைப் பயன்படுத்த முடியாமல் தூக்கிப் போட வேண்டிவரும். இட்லி, ரொட்டி, பழம் போதும்.

இனி, திரும்பிப் போனவர்கள். 94-இல் 53 பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. வயது 18-லிருந்து 65-க்குள், முதல் தடவை என்றால் 60-க்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, 350 மில்லிக்கு அது போதும், 450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12.5 கிராமாவது வேண்டும். ஆண்கள் ஒரு தடவை கொடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் கொடுக்கக் கூடாது, பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவர்களும் அப்படியே. இதெல்லாம் நோட்டீஸிலேயே போட்டிருந்தால் பாதிப்பேர் வெயிலில் நின்றிருக்க மாட்டார்கள். நாங்கள் அதில் தலைவர்கள் பெயரும் முன்னிலை வகிப்பவர் பெயரும்தான் போட்டோம். திரும்பிப் போனவர்களில் பெண்கள்தான் அதிகம், எல்லாம் ஹீமோகுளோபின். பிள்ளையின் நினைவாகக் கொடுக்க வந்த அம்மாவிடம், பத்துப் பேர் நடுவில் 'உங்களுக்கு ரத்தம் இல்லை, எடுக்க முடியாது' என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்த வார்த்தையைத் தனியாக, ஒரு துணி மறைப்புக்குப் பின்னால், மருத்துவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். வேறு காரணங்களுக்காக மறுக்கப்படுபவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. வெளியே வருபவரிடம் ஏன் எடுக்கவில்லை என்று தொண்டர்கள் யாரும் கேட்கக் கூடாது.

மீனவர்கள் விஷயத்தில் ஒரு விதி இருக்கிறது, நிறைய முகாம்களில் அதை யாரும் கேட்பதே இல்லை. கடும் உடலுழைப்பு வேலையில் இருப்பவர்கள், தூரப் பயணம் வண்டி ஓட்டுபவர்கள் எல்லாம் ரத்தம் கொடுத்த பிறகு அடுத்து வேலைக்குப் போக 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 26-ஆம் தேதி மதியம் ரத்தம் கொடுத்துவிட்டு 27-ஆம் தேதி விடிகாலை மூணு மணிக்குப் படகு தள்ளினால் அதிகபட்சம் பதினைந்து மணி நேரம்தான் ஆகிறது. கரையில் மயங்கினால் தூக்கிவிட ஆள் உண்டு. கடலில் வலை இழுக்கும்போது தலை சுற்றினால்? சுனாமியில் போனவர்களுக்காக முகாம் நடத்தி, அதனால் ஒருவரைக் கடலுக்குக் கொடுப்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை. 'நாளைக்குத் தொழிலுக்குப் போறீங்களா' என்ற கேள்வியைப் பெயர் எழுதும்போதே கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

ஏற்பாட்டைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் முகாம் நடத்த முடியும், நாம் இடமும் ஆளும் கொடுப்பவர்கள் மட்டும்தான். நான் பத்து நாள் முன்னால் போய்க் கடிதம் கொடுத்தேன். அதே தேதிக்கு அவர்களுக்கு ஏற்கெனவே வேறு முகாம்கள் இருந்தன. குழு இரண்டாகப் பிரிந்து, ஒன்பதுக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள், 50 பைதான் கையில். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதமாவது முன்னால் கடிதம் கொடுத்து, தேதியை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று பெருமைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடம் எடுக்க ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று டெக்னீஷியன், இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு உதவியாளர் என்று விதியே கணக்கு வைத்திருக்கிறது. நாம் சொல்லும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆள் வரும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் பிளாஸ்மாவும் பிரிக்கப் போகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிப்பதாக இருந்தால் ரத்தம் எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் பை ரத்த வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போது சாயங்காலம் வரை முகாமை இழுக்க முடியாது.

டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும் என்று நம்பிப் பந்தல் போட்டோம். மழை பெய்தது. சமுதாயக் கூடத்துக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினோம், பந்தல் வாடகை 9,000 ரூபாய் போச்சு. கான்கிரீட் கூரை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர், கை கழுவத் தண்ணீர், கழிவறை, ஆம்புலன்ஸ் வாசல் வரை வரும் வழி, இவை ஐந்தும் இல்லாத இடத்தில் முகாம் வேண்டாம். பள்ளிக்கூடம் என்றால் அரையாண்டு விடுமுறையில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முன்பே கேட்டு வையுங்கள். விடுமுறை என்பதால் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் ஊருக்குப் போயிருப்பார்கள், அவர்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஊசியும் ரத்தம் பட்ட பஞ்சும் ஒன்றுவிடாமல் ரத்த வங்கிக் குழுவோடு திரும்பிப் போக வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும்.

மிச்சப் பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாடு 200 பேருக்கு 16,000 ரூபாய். அன்றைக்கு ஊரில் வேறு இரண்டு இடத்தில் அன்னதானம் நடந்தது தெரியாமல் செய்தோம், முக்கால்வாசி மீந்தது. ரத்தம் கொடுப்பவர்களுக்கு டிபன் பாக்ஸ் 100, அதற்கு 11,000. இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட செலவு. பரிசு இருக்கிறது என்று தெரிந்தால் வியாதியை மறைத்துக் கொடுக்க வருவார்கள். அந்தப் பொய்யை எல்லாச் சமயமும் சோதனையால் கண்டுபிடிக்க முடியாது, தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் சோதனையில் தெரியாது. ரத்தத்தைக் காசுக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1996-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. சான்றிதழும் ஒரு பேட்ஜும் போதும். ஜெனரேட்டருக்கு 3,500. பேனருக்கு 2,400. திரும்பிப் பார்த்தால் ஜெனரேட்டர் ஒன்றுதான் தேவையான செலவு. ஜூஸும் பிஸ்கட்டும்கூடப் பெரும்பாலும் ரத்த வங்கியே கொண்டுவரும்.

பேனரில் அலையில் போன குழந்தைகளின் படங்களைப் போட்டிருந்தோம், பழைய நினைவு நாள் நோட்டீஸிலிருந்து எடுத்தவை. யாரிடமும் கேட்கவில்லை. அதில் ஒரு பிள்ளையின் அப்பா வந்து பேனரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கோபப்படவில்லை. 'இந்தப் படம் எங்க வீட்டுலயே இல்ல' என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டாரின் சம்மதம் இல்லாமல் ஒரு முகத்தையும் எங்கேயும் போடாதீர்கள். ஊரின் பெயர், தேதி, நேரம், யார் கொடுக்கலாம் என்ற விவரம், இவ்வளவுதான் பேனருக்கு வேண்டியது. அழுகிறவர்களைத் தொண்டர்கள் போனில் படம் எடுப்பதையும் முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு பெரிய தப்பு மிச்சம் இருந்தது, அது தேதியிலேயே இருந்தது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பையில் ரத்தம் 35 நாள்தான் நிற்கும். சிவப்பணுவைத் தனியாகப் பிரித்து ஊட்டக்கரைசல் சேர்த்தால் 42 நாள். தட்டணு வெறும் 5 நாள். ஒரே நாளில் பல முகாம்களில் எடுத்துக் குவித்தால் பிப்ரவரி பிறப்பதற்குள் அதில் எவ்வளவு நோயாளிக்குப் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடியிருக்கும், முகாம்கள் நின்றுபோகும், பிரசவமும் விபத்தும் நிற்காது. அந்த மே மாதத்தில் மட்டும் ரத்தம் கேட்டு எங்களுக்கு எத்தனையோ போன் வந்தது. டிசம்பரில் 41 பை கொடுத்த அதே ஊர்தான். ஒருவர் மனைவியின் ஆபரேஷனுக்காக அழுதுகொண்டே கேட்டார். அன்றுதான் காலண்டரை எடுத்துப் பார்த்தோம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். 24 மணி நேர விதிக்குச் சிக்கல் இல்லை. ரத்தத்துக்கு அதிகத் தட்டுப்பாடு வருவதும் அந்த இரண்டு மாதங்கள்தான். தடை முடியும் ஜூன் 14-தான் உலக ரத்த தான தினமும். ஆகையால் இப்போது டிசம்பர் 26 அன்று ரத்தம் எடுப்பதில்லை. பதினொரு மணிக்கு மேல் சமுதாயக் கூடத்தில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, இரண்டு பேர், அவ்வளவுதான். பெயர், வயது, ரத்த வகை, போன் நம்பர், எந்த வாரம் வசதி என்று எழுதிக்கொள்கிறோம். முதல் வருஷம் 112 பேர் எழுதினார்கள். ஏப்ரல் கடைசி, மே நடு, ஜூன் தொடக்கம் என்று மூன்று தவணையாக அழைத்தோம், 71 பேர் கொடுத்தார்கள். செலவு மொத்தம் 5,200 ரூபாய். சிலர் தடைக்காலத்தில் கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள், அவர்களை முதல் தவணையில் வைத்துவிட வேண்டும். ஃபைபர் படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்களிடம் மறுநாள் தொழிலைப் பற்றி எப்போதும் போலக் கேட்க வேண்டும். போன் போடுவது இரண்டு நாள் முன்னாலும், அன்று காலையில் ஒரு தடவையும். ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டால் மறந்துபோகிறார்கள்.

இந்த நாலு மாத இடைவெளியால் எதிர்பாராத நன்மை ஒன்று பெண்களுக்குக் கிடைத்தது. ஜனவரியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரை போட்டவுடன் டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முகாமில் மறுக்கப்பட்ட பெண்களில் ஒன்பது பேர் மே மாதம் 12.5-ஐத் தாண்டி வந்து கொடுத்தார்கள். தாண்டாதவர்களுக்கும் அந்த மாத்திரை தேவைதான், முகாம் இல்லாவிட்டாலும்.

நோட்டை வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள். ரத்த வகையும் நம்பரும் தெரிந்த எவரும் நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், இரண்டு மாதத்தில் பாதிப் பேர் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்டு வரும் அழைப்புகள் ஒரே ஆளுக்கு வரட்டும், அவர் நோட்டைப் பார்த்து, 90 நாளும் 120 நாளும் கணக்குப் பார்த்துக் கூப்பிடட்டும். பரிசோதனை முடிவுகளை ரத்த வங்கியிடம் கேட்காதீர்கள், அது கொடுத்தவருக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிய வேண்டியது.

நோட்டின் கடைசிப் பத்தியில் 'யார் நினைவாக' என்று இருக்கும். மே மாதம் ரத்தம் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சான்றிதழின் கீழே கையால் எழுதிக் கொடுக்கிறோம். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க வீட்டாரிடமே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள். சிலர் நாலைந்து பெயர் சொல்வார்கள், அதற்கு இடம் விட்டுக் கோடு போடுங்கள். அந்தப் பத்தியைக் காலியாக விடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்க வேண்டாம்.